இருபது வருட மழையை நெடுக்கே வெட்டியது

ஜனவரி 14, செவ்வாய்

இன்றும் மாய்க்கே பொத்தானை அழுத்திவிட்டுக் காபிக்குப் போனாள். குடித்தாள். திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். மறுபடி காபிக்குப் போனாள். இந்தப் பெண் மழையை ஆராய்ச்சி செய்கிறாளா, காபியை ஆராய்ச்சி செய்கிறாளா என்று எங்கள் மாடியில் ஒரு பேச்சு உலவுகிறது. கிளப்பிவிட்டது யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. என் கையெழுத்து எனக்கே தெரியும்.

பாவம், அவள் மேல் தப்பில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரேடார் நாடு முழுக்க எங்கே எவ்வளவு மழை என்று ஒரு படம் எடுக்கிறது. ஒரு படம், ஒரு கோப்பு. இருபது வருடமாக எடுக்கிறது. இருபது லட்சத்துச் சொச்சம் கோப்புகள் கிளவுடில் கிடக்கின்றன. மழைக் கணக்கைக் கொண்டுபோய் மேகத்திலேயே வைத்துவிட்டு, அதற்குக் காவலாக மூட்டுவலிக்காரி ஒருத்தியை, அதாவது என்னை, நெதர்லாந்தின் டெல்ஃப்டில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

மாய்க்கேவுக்கு நாடு முழுக்க வேண்டாம். கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் ஏதோ ஒரு நிலத்துண்டு. அதில் இருபது வருடமும் பெய்தது எவ்வளவு? அவ்வளவுதான் கேள்வி. அதாவது, வானத்தைத் தொடும் பான்கேக் அடுக்கு ஒன்று. ஒவ்வொரு பான்கேக்கிலும் அதே இடத்தில் மிளகளவு கிள்ளி எடுக்க வேண்டும். மேலிருந்து கீழ் வரை. நீயானால் காபிக்குப் போகமாட்டாயா?

மாலையில் எங்கள் தலைவர் ரூலோஃப் வந்து என் மேஜை விளிம்பில் உட்கார்ந்தார். நாற்காலி இருக்கும்போது மேஜையில் உட்கார்ந்தால் கெட்ட செய்தி.

"மார்ச் இருபது, நீர் வாரியத்துக்காரங்க வர்றாங்க டினேக்கே. தெற்கு வாரியம். மழைக் கணக்குக்கு நம்மகூடச் சேரலாமான்னு பாக்க."

"சேர்ந்தா?"

"மாய்க்கேவுக்கு நிரந்தர வேலை போட்டுடலாம்."

"சேரலைன்னா?"

கையை விரித்தார். மூன்று தற்காலிக ஒப்பந்தமும் தீர்ந்துவிட்டது. நாலாவது கொடுக்கச் சட்டம் விடாது. ஜூன் முடிந்தால் ஒன்று உள்ளே, இல்லை வெளியே.

"கண் முன்னாடி எடுத்துக் காட்டணுமாம். காபி ஆறறதுக்குள்ள வரலைன்னா கிளம்பிடுவாங்களாம்" என்றார்.

மாய்க்கேவுக்கு முப்பத்து நாலு வயது. வறுவல் கடைக்கு மேல் ஓர் அறையில், இரண்டு மாணவர்களோடு குளியலறையைப் பங்கு போட்டுக்கொண்டு இருக்கிறாள். எவ்வளவு ஷாம்பு போட்டாலும் தலையில் உருளைக்கிழங்கு வாசனை. நிரந்தர வேலை இல்லாதவளை வங்கிக்காரன் உட்காரக்கூடச் சொல்வதில்லை. எட்டு வருடம் படித்து முனைவர் ஆனது இதற்குத்தானா?

ஜனவரி 15, புதன்

நேற்றுக் கேட்ட நிலத்துண்டு இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து சேர்ந்தது. நடுவே ஒருமுறை அறுந்துவிட்டதாம். மாய்க்கே அதைப் பார்த்துப் புன்னகை செய்தாள். அந்தப் புன்னகை எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

வென்றுவிட்டேன்! வென்றுவிட்டேன்! பத்து நாள் முதுகு வளைந்தது வீண் போகவில்லை. ஒரே சமயத்தில் பல கோப்புகளைக் கேட்கிற மாதிரி நிரலை மாற்றி, காலையில் ஓட்டினேன். மூன்று வினாடி. மூன்றே மூன்று! மாய்க்கேவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மறுபடி ஓட்டினேன். மூன்று. ரூலோஃபைக் கூப்பிட்டேன். மூன்று. மாய்க்கே என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். உருளைக்கிழங்கு வாசனையோடு.

நல்ல செய்தி உள்ளவள்தானே கேக் வாங்க வேண்டும். மாடி முழுவதற்கும் வாங்கினேன். மேலே இளஞ்சிவப்புச் சர்க்கரை பூசிய நல்ல ரகம், மலிவானது அல்ல. என் எதிர் மேஜை பாஸ்டியான் இரண்டு தின்றான். தினமும் காலையில் நாடு முழுவதற்குமான மழைப் படம் போடுகிறவன் அவன். ஐம்பது வயதிலும் ரொட்டி மேல் சாக்லேட் தூள் தூவித் தின்கிறவன். அவனிடம் நான் வேறு என்ன எதிர்பார்க்க?

ஜனவரி 27, திங்கள்

எழுதவே கை வரவில்லை.

காலையில் பாஸ்டியான் தன் கணினியிலிருந்து அதே நிரலை ஓட்டிப் பார்த்திருக்கிறான். பத்து மணிக்கு ஆரம்பித்தது. நான் வீட்டுக்குக் கிளம்பும்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

"உன் மெஷின் பழசு" என்றேன்.

"டினேக்கே, உன் மெஷின்ல அதை நீ எத்தனை தடவை ஓட்டினே?"

"எண்ணலை. நூறு இருக்கும்."

"எல்லாத் தடவையும் ஒரே இடத்தைத்தான் கேட்டியா?"

அப்போதுதான் உறைத்தது. ஒருமுறை இறக்கியதை என் கணினி பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த தடவையிலிருந்து கிளவுடுக்குப் போகவே இல்லை. தன் பையிலிருந்தே எடுத்து நீட்டியிருக்கிறது. நான் பத்து நாள் வேகப்படுத்தியது என் கணினியின் ஞாபகசக்தியை. எங்கள் தொழிலில் முதல் வருடப் பையன்கள் செய்கிற தப்பு. செய்தால் நாங்கள் அவர்களைப் பார்த்துச் சிரிப்போம். பாஸ்டியான் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை.

"கேக்கைத் திருப்பித் தர முடியாது" என்று மட்டும் சொன்னான்.

மாய்க்கேவிடம் நானே போய்ச் சொன்னேன். "பரவாயில்லைங்க" என்றாள். வெள்ளிக்கிழமை ராத்திரியே அம்மாவுக்குப் போன் செய்து வேலை கிடைத்த மாதிரிச் சொல்லிவிட்டாளாம். அடி டினேக்கே, உன் வாயை எந்த உப்பால் கழுவுவது?

பிப்ரவரி 4, செவ்வாய்

ரூலோஃப் ஒரு வழி கண்டுபிடித்தார். பெரிய கணினி. வாடகைக்கு. எங்கள் எல்லார் கணினியையும் சேர்த்துக் கட்டினாலும் அதன் கால் தூசு. மாய்க்கே பொத்தானை அழுத்தினாள். காபிக்குப் போனாள்.

ஏறக்குறைய அதே நேரம்தான் ஆயிற்று. ஒரு கடிதம் வாங்கிவர லாரியில் தபால் நிலையத்துக்குப் போகிறோம். வீட்டுக்கு வந்து அதை வைத்துவிட்டு அடுத்த கடிதத்துக்கு மறுபடி லாரி. லாரி பெரிதானால் என்ன, சிறிதானால் என்ன?

"அப்போ கோப்புகளைப் பழையபடி நம்ம கட்டட அடித்தளத்துக்கே கொண்டு வந்துடலாமா?" என்றார் ரூலோஃப்.

"அடித்தளத்துல இப்போ சைக்கிள் நிக்குது. நீங்கதானே திறப்பு விழா பண்ணீங்க?"



பிப்ரவரி 9, ஞாயிறு

நாத்தனார் சீட்ஸ்கேவின் பிறந்தநாள். குடும்பத்தில் என் பேர் கெட்டது. ஆனால் — இரு, வரிசையாக எழுதுகிறேன்.

மழையில் நனைந்து, தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். என் கணவன் வொப்பே சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தான். உள்ளே வழக்கம்போல் நாற்காலிகள் வட்டமாக. பதினெட்டுப் பேர். வட்டத்தைச் சுற்றி ஒவ்வொருவராகக் கை குலுக்கி வாழ்த்த வேண்டும். பிறந்தநாள்காரிக்கு மட்டுமா? அவள் அம்மாவிடம் "உங்க பொண்ணு பிறந்தநாளுக்கு வாழ்த்துகள்." பக்கத்து வீட்டுக்காரரிடம் "உங்க பக்கத்து வீட்டம்மா பிறந்தநாளுக்கு வாழ்த்துகள்." அவர் என்ன செய்தார் அவள் பிறந்ததற்கு? இருந்தாலும் வாழ்த்த வேண்டும்.

என் முழங்கால் அன்று ஒத்துழைக்கவில்லை. வாசலிலேயே நின்று இரண்டு கையையும் தூக்கி, "எல்லாருக்கும் சேர்த்து ஒரே வாழ்த்து!" என்று கூவிவிட்டுக் காபியைத் தேடினேன்.

எனக்கு வந்த கேக் துண்டின் வழியாகச் செய்தித்தாள் படிக்கலாம், அவ்வளவு மெலிசு. சீட்ஸ்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். காபி எங்கே என்று மாமியாரிடம் கேட்டேன். மாமியார் "ஹென்கைக் கேளு" என்றார். ஹென்க், "கொரியைத்தான் கேக்கணும்." கொரி, "சீட்ஸ்கேகிட்ட கேளேன்." அந்த வீட்டில் காபி எனக்குக் கிடைக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் வொப்பே பின்னாலேயே சைக்கிளை மிதித்துக்கொண்டு:

"வட்டத்தைச் சுத்தி வந்தா என்னடி குறைஞ்சு போயிடுவே? அவ அழுதுட்டா."

"பதினெட்டுப் பேருடா! ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்க் கை குடுக்கணும், அவங்க எப்படி இருக்கேன்னு கேக்கணும், நான் சொல்லணும், அப்புறம் அடுத்தவங்க. ஒரு வாய்க் காபிக்கு எத்தனை பேரைக் கேக்கறது? அவரைக் கேளு, இவரைக் கேளுன்னு — வாசல்லயே எது எங்கே இருக்குன்னு ஒரு சீட்டு ஒட்டி வெச்சிருந்தா நான் நேரா —"

பிரேக்கைப் பிடித்துவிட்டேன். வொப்பே வந்து என் பின் சக்கரத்தில் மோதினான்.

"என்னடி ஆச்சு?"

"வொப்பே, என் கோப்புகள் எல்லாம் உன் தங்கச்சி வீடுடா."

அவனுக்குப் புரியவில்லை. உனக்காவது புரியட்டும், நோட்டே. ஒவ்வொரு கோப்புக்குள்ளும் மழை எங்கே இருக்கிறது என்று நிரல் கண்டுபிடித்தாக வேண்டும். தலைப்பைக் கேட்டால், அங்கே போ என்கிறது. அங்கே போனால், இன்னோர் இடத்தைக் காட்டுகிறது. கோப்பு நம் மேஜைக்கு அடியில் இருந்த காலத்தில் இந்தக் கேள்வி பதிலெல்லாம் கண்ணிமைப்பு. இப்போது ஒவ்வொரு கேள்வியும் கிளவுட் கிடங்குவரை போய்த் திரும்ப வேண்டும். இருபது லட்சம் வீடு, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வட்டம், ஒவ்வொரு வட்டத்திலும் நாலைந்து கைகுலுக்கல்! நேரம் போவது தூக்குவதில் இல்லை, குசலம் விசாரிப்பதில்.

பிப்ரவரி 10, திங்கள்

சீட்ஸ்கே போன். "அண்ணி, எல்லாரும் கேட்டுட்டாங்க, என் மேல உங்களுக்கு என்ன கோபம்னு."

"கோபமே இல்லை கண்ணு. முழங்கால்."

"வாய்க்கு என்ன வந்துச்சு?"

பதினெட்டுப் பேருக்கும் மன்னிப்பு அட்டை எழுதச் சொல்லி வொப்பே உத்தரவு. ஒரே அட்டை எழுதி, படித்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்பவும் என்று கீழே போட்டேன். வொப்பே அதைக் கிழித்துவிட்டான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

வேலை செய்கிறது. பாஸ்டியானின் கணினியில், ரூலோஃபின் கணினியில், வாசலில் வரவேற்புப் பெண்ணின் கணினியில்கூட ஓட்டிப் பார்த்துவிட்டேன். சூடு கண்ட பூனை நான்.

செய்தது ஒன்றும் பெரிய வித்தையில்லை. எல்லாக் கோப்பிலும் ஒருமுறை நுழைந்து, எது எங்கே இருக்கிறது என்று ஒரே பட்டியலாக எழுதி வாசலில் வைத்தேன். நிரல் இனி யாரையும் நலம் விசாரிக்காது. நேராக இடத்துக்குப் போய் எடுத்துக்கொண்டு வரும். மூலக் கோப்புகளை நான் தொடக்கூட இல்லை.

ஒரு நாளுக்கு மேல் ஆனது இப்போது மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிகிறது. மாய்க்கே ரொட்டியை மென்றுகொண்டே யோசித்தாள்.

"டினேக்கே, காபி ஆறறதுக்குள்ளன்னுதானே சொன்னாங்க?"

"ஆமாம்."

"இதுக்குள்ள ஐஸ் ஆயிடும்."

உண்மைதான். இன்னொரு முடிச்சு பாக்கி இருக்கிறது. ஒவ்வொரு படமும் மொத்தமாக அமுக்கிச் சுருட்டி வைத்த ஒரே பொட்டலம். மிளகளவு வேண்டும் என்றால் பொட்டலம் முழுவதையும் இறக்கி, பிரித்து, மிளகை எடுத்துக்கொண்டு, மீதியை எறிய வேண்டும். ஆக, அடுக்கை நெடுக்கே வெட்ட வேண்டும். ஒரு நிலத்துண்டின் மழை மேலிருந்து கீழ் வரை ஒரே பொட்டலமாக வரும்படி.

சொல்லி வாயை மூடவில்லை. எதிர் மேஜையிலிருந்து:

"என் படத்துல யாரும் கத்தியை வைக்கக் கூடாது."

பாஸ்டியானுக்கு வேண்டியது ஒரே நேரத்தில் நாடு முழுவதும். நெடுக்கே வெட்டினால் அவன் ஒரு படத்துக்காக எல்லாப் பொட்டலத்தையும் பிரிக்க வேண்டும். அவன் சொல்வதும் நியாயம்தான். நியாயமாகப் பேசுகிற எதிரியைப் போல எரிச்சல் உலகத்தில் இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

கூட்டம். எங்கள் ஊரில் எதற்கும் கூட்டம். கடலையே கூட்டம் போட்டுத்தான் பின்னால் தள்ளினார்களாம் எங்கள் முன்னோர்; ஒருத்தர் முகம் சுளித்தாலும் கரை எழும்பாது.

மாய்க்கே நெடுக்கே என்றாள். பாஸ்டியான் அகலமாக என்றான். ரூலோஃப் எல்லாரையும் பேசவிட்டார். கணக்குப் பிரிவிலிருந்து வந்தவர் சதுரமாக இருந்தால் பார்க்க அழகாக இருக்கும் என்றார். அவரை யார் கூப்பிட்டது என்று இன்னும் தெரியவில்லை. பாலாடைக்கட்டி ரொட்டி வந்தது, போனது. கடைசியில் எல்லாரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஒரு முடிவு. ரொம்ப நீளமும் இல்லை, ரொம்ப அகலமும் இல்லை. செங்கல்.

பிப்ரவரி 21, வெள்ளி

ஒரு வருட மழையைச் செங்கல்லாக வெட்டிச் சோதித்தோம். மாய்க்கேவுக்கு மெதுவாக இருக்கிறது. பாஸ்டியானுக்கும் மெதுவாக இருக்கிறது.

"யாருக்கும் தனியா வருத்தம் இல்லையே?" என்றார் ரூலோஃப்.

"எல்லாருக்கும் வருத்தம்."

"சமமா இருக்கில்ல?" முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கடவுளே.

செங்கல் தப்பான யோசனை இல்லை என்று என் புத்திக்குத் தெரிகிறது. ஆனால் கரை கட்ட உதவுகிற செங்கல்லால் மார்ச் இருபதைத் தாண்ட முடியாது. மாய்க்கே இன்று சாப்பாட்டு நேரத்தில் வேறு வேலைகளுக்கான விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததும் திரையை மாற்றினாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். எனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்காவது தெரியுமா?

பிப்ரவரி 25, செவ்வாய்

ஊர் வம்பு பேசுகிறவளுக்குக் கடவுள் ஒரு நாள் கூலி கொடுப்பார் என்று நான் எப்போதும் நம்பியிருக்கிறேன். இன்று கொடுத்தார்.

காபி இயந்திரத்தருகே பாஸ்டியானைப் பிடித்தேன்.

"யோவ், ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. பழைய படத்தைக் கடைசியா எப்போ திறந்தே?"

"தேவைப்படும்போது திறப்பேன்."

"எப்போ தேவைப்பட்டுச்சு?"

"டினேக்கே, எனக்கு இருபது வருஷமும் வேணும். அது கொள்கை."

"கொள்கையை விடு. தேதியைச் சொல்லு."

காது சிவந்தது அவனுக்கு. காபிக் கோப்பையைச் சுற்றினான். "ஒரு தடவை."

"ஒரு தடவைதானா!"

"சத்தம் போடாதே. விவாகரத்து சமயத்துல. நம்ம கல்யாணத்தன்னிக்குக் கொட்டோ கொட்டுன்னு கொட்டிச்சு, அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்னு அவ எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தா. ஒரு சொட்டு விழலை டினேக்கே. அன்னிக்கு நல்ல வெயில். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அதான் திறந்து பாத்தேன்."

"பாத்தா?"

"பதினோரு மணிலேர்ந்து ரெண்டு வரைக்கும் கொட்டியிருக்கு."

நான் சிரிக்கவில்லை. சத்தியமாக. கோப்பையைக் கடித்துக்கொண்டேன்.

"எனக்கு இந்த வருஷத்துப் படம் அகலமா இருந்தாப் போதும். பழசை வெட்டிக்கோ" என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அந்த ஒரு நாளை மட்டும்…"

"அகலமாவே வெச்சிடறேன். உனக்குன்னு தனியா."

"வேண்டாம், அதை முதல்ல வெட்டு" என்றான்.

பிப்ரவரி 27, வியாழன்

வெட்ட ஆரம்பித்தாயிற்று. ரூலோஃப் வாடகைக்கு எடுத்த அந்த ராட்சசக் கணினி கடைசியில் ஒரு வேலைக்கு உதவுகிறது. மூலம் அப்படியே இருக்கும். பக்கத்திலேயே நெடுக்கு வெட்டில் ஒரு பிரதி; பழைய வருடங்களுக்கு இனி எல்லாரும் திறப்பது அதைத்தான். இடத்துக்கான வாடகை கூடுமே என்று கணக்குப் பிரிவுக்காரர் கேட்டார். சதுரமாக வெட்டினால் குறையும் என்று சொல்லி அனுப்பினேன். சந்தோஷமாகப் போனார்.

மார்ச் 7, வெள்ளி

பாதி தாண்டிவிட்டது. பாஸ்டியானின் கல்யாண நாளை அவன் கேட்டபடி முதலிலேயே வெட்டியாயிற்று. அவனிடம் சொன்னேன். தலையை ஆட்டினான்.

மார்ச் 12, புதன்

இரண்டு கோடைகளில் சில நாட்களைக் காணோம்! அலறிவிட்டேன். பிறகு பார்த்தால் அந்த நாட்களில் ரேடாரே பழுது. இல்லாத மழையை வெட்ட முடியாது என்று வொப்பே சொன்னான். இவ்வளவு புத்தியுள்ளவனைக் கல்யாணம் செய்திருக்கிறேன் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

மார்ச் 19, புதன்

வீட்டில், வொப்பேயின் கணினியில் சோதித்தேன். அதில் அவன் மீன்பிடிக் காணொளி தவிர எதையும் திறந்ததில்லை. எங்கள் மழையில் ஒரு சொட்டுகூட அதற்கு ஞாபகம் இருக்க வழியில்லை. அழுத்தினேன். வந்துவிட்டது. ஒரு வினாடிகூட ஆகவில்லை. வேறு இடம். வந்தது. வேறு இடம். வந்தது.

கேக் வாங்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

வந்தார்கள். வாரியத் தலைவி ட்ரூஸ் அம்மாள், அறுபது வயது, குட்டை முடி, தலைக்கவசத்தைக் கழற்றி மேஜை நடுவில் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். கூட வாய் திறக்காத இரண்டு ஆண்கள். காபி ஊற்றினார்கள். மாய்க்கே அவர்களுடைய நிலத்துண்டைத் தட்டி அழுத்தினாள். விரலை எடுக்குமுன் இருபது வருட மழை திரையில் நிமிர்ந்து நின்றது.

நான் கைதட்டலை எதிர்பார்த்தேன். ட்ரூஸ் அம்மாள் காபியில் ஊதிக்கொண்டே, "இது முன்னாடியே வரைஞ்சு வெச்ச படம்தானே?" என்றார்.

"இல்லைங்க, இப்பத்தான் எடுத்தது" என்றாள் மாய்க்கே.

"போன வருஷம் எங்க ஆபீஸ்ல வந்து காட்டினீங்க. நாங்க சாப்பிட்டு முடிச்சு, கை கழுவிட்டு வந்தோம், அப்பவும் சுத்திட்டே இருந்தது. இப்போ தும்மறதுக்குள்ள வருதா? நான் மாடு வளக்கற வீட்டுப் பொண்ணு. சந்தையில ரொம்பப் பளபளன்னு நிக்கற மாட்டை நாங்க வாங்கமாட்டோம்."

"வேற இடம் சொல்லுங்க" என்றார் ரூலோஃப், வேர்த்துக்கொண்டு.

சொன்னார். வந்தது. "இதையும் வெச்சிருப்பீங்க." இன்னொன்று. வந்தது. அவர் புருவம் இன்னும் ஏறியது. வேகம் கூடக்கூடச் சந்தேகமும் கூடுகிறது! மாய்க்கேவின் கழுத்தில் சிவப்புத் திட்டு திட்டாக. இரண்டு மாதம் முழங்கால் தேய நான் செய்த வேலை அந்தப் பெண்ணின் சோற்றில் மண்ணைப் போடுகிறதே! அரை நிமிடம் சும்மாச் சுற்றுகிற மாதிரி ஒரு வட்டத்தைப் போட்டுவைத்திருந்தால் நம்பித் தொலைத்திருப்பார்களே என்று என் மனசு அடித்துக்கொண்டது.

மாய்க்கே கணினியை அப்படியே திருப்பி ட்ரூஸ் அம்மாள் முன்னால் வைத்தாள். கொஞ்சம் வேகமாகவே வைத்தாள், காபி தளும்பியது.

"நீங்களே போடுங்க. எந்த அஞ்சல் எண் வேணும்னாலும்."

அவர் ஒற்றை விரலால் தன் வீட்டு எண்ணைத் தட்டினார். வந்தது. மகன் வீடு. வந்தது. ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு பெல்ஜியத்தில், ஆண்ட்வெர்ப்பில், தன் தங்கை வீட்டு எண்ணைத் தட்டினார்.

திரையில்: *இந்த இடம் எங்களிடம் இல்லை.*

ரூலோஃப் கண்ணை மூடிக்கொண்டார். ட்ரூஸ் அம்மாள் நாற்காலியில் சாய்ந்தார்.

"இல்லைன்னு சொல்லத் தெரியுது" என்றார். "ஏமாத்தறவன் இதுக்கும் ஏதாவது ஒரு படத்தைக் காட்டியிருப்பான்."

அதன் பிறகு கூட்டம் கை மீறிப் போனது. வாய் திறக்காத ஆண்களில் ஒருவர், "என் மாமியார் வீட்டைப் போடுங்களேன்" என்றார். மற்றவர் தன் பழைய பள்ளிக்கூடத்தைக் கேட்டார். பிறகு கால்பந்து மைதானம். பிறகு மாமியாரின் பழைய வீடு. நிகழ்ச்சி நிரலில் மூன்று மணிக்கு முடிவு என்று போட்டிருந்தது. எங்கள் ஊரில் அது வேதவாக்கு. நாலரைக்கும் மாய்க்கேவைச் சுற்றி மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் முதல்முறையாகச் சிரித்ததைப் பார்த்தேன்.

கிளம்பும்போது ட்ரூஸ் அம்மாள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே, "சரின்னு நான் சொல்லலை. வாரியத்துல ஒன்பது பேர். எல்லாரையும் கேக்கணும்" என்றார்.

ஏப்ரல் 17, வியாழன்

ஒன்பதில் ஏழு பேர் சரி என்கிறார்களாம். எட்டாவது ஆளுக்கு முதுகுவலி. ஒன்பதாவது ஆளுக்கு யோசிக்க நேரம் வேண்டுமாம். என்னத்தை யோசிக்கிறான், பாவி!

மே 6, செவ்வாய்

இன்னும் இல்லை. மாய்க்கே இழுப்பறையைச் சுத்தம் செய்தாள். சும்மாத்தான் என்றாள்.

ஜூன் 14, சனி

வீடு பார்க்க மாய்க்கேவோடு ரயிலில் கௌடா போய்வந்தேன். தனியாகப் போனால் ஏமாற்றிவிடுவார்கள் என்று என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். ஒன்பதாவது ஆளும் ஒருவழியாகத் தலையாட்டியாயிற்று; நிரந்தர வேலைக் கடிதத்தைப் பார்த்த வங்கிக்காரன் இந்த முறை உட்காரச் சொல்லி, பிஸ்கட்டும் கொடுத்தானாம்.

வாய்க்கால் ஓரம் ஒடுக்கமான பழைய வீடு. சுவர் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அந்தத் தெருவில் சாயாத சுவர் இல்லை. விற்கிறவர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர், மனைவியோடு நின்று ஒவ்வோர் அறையாகக் காட்டினார். கடைசியில் படியிறங்கி நிலவறை. வெள்ளையடித்து, பளிச்சென்று.

"இதுல ஒரு சொட்டுத் தண்ணி வந்ததில்லைம்மா. நாங்க இங்கே இருக்கற இந்தப் பதினெட்டு வருஷத்துல ஒரு —"

மாய்க்கே கைபேசியில் தெருவின் அஞ்சல் எண்ணைத் தட்டினாள்.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி, ஆகஸ்ட்ல ஒரு திங்கக்கிழமை சாயங்காலம்" என்றாள் மாய்க்கே, ரொம்ப மரியாதையாக. "அன்னிக்கு எப்படி இருந்தது?"

பல் மருத்துவர் மனைவியைப் பார்த்தார். மனைவி வெள்ளைச் சுவரைப் பார்த்தாள்.

"அன்னிக்கு மட்டும்… லேசா" என்றார்.

"லேசான்னா?"

அந்த அம்மாள் குனிந்து தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள்.

நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்நாளில் இவ்வளவு சிரமப்பட்டு வாயை மூடிக்கொண்டதில்லை. மேலே போய்க் காபி குடித்தோம். காபி தீருவதற்குள் விலை இறங்கியது. சாவி செப்டம்பரில்.

திரும்பி வரும் ரயிலில் ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது. மாய்க்கே அதைப் பார்க்கவே இல்லை. ஒரு காகிதத்தில் அறைகளை வரைந்து, எதை எங்கே போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"டினேக்கே, நிலவறையில என்ன வெக்கலாம்?"

"எதை வேணும்னாலும் வெய்யி கண்ணு. தரையில மட்டும் வெக்காதே."